உப்புப் போட்டாலும் கெட்டியாகாத ஷாம்பு: தாவர வழிச் சர்ஃபாக்டன்ட்டுகளைப் பாகுப் பதத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

டெசில் குளுக்கோசைடு என்ற தாவர வழிச் சர்ஃபாக்டன்ட்டை, அதாவது நுரைத்து அழுக்கை நீக்கும் பொருளை, வைத்து ஷாம்பு செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். நுரை வருகிறது, தோலில் காந்தல் இல்லை, எல்லாம் சரி. புட்டியைச் சாய்த்தால் மட்டும் தண்ணீராக ஓடுகிறது. உப்புப் போட்டால் கெட்டியாகும் என்று கேள்விப்பட்டதை வைத்து ஒரு சிட்டிகை போடுவார்கள், பிறகு ஒரு கரண்டி. ஒன்றும் நடக்காது. இன்னும் போட்டால் கலங்கும். குறை உப்பிலும் இல்லை, அளவிலும் இல்லை. உப்பு வேலை செய்வதற்கான பிடிமானமே அந்தக் கலவையில் கிடையாது.

கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஷாம்புகளின் அடிப்படை சோடியம் லாரெத் சல்ஃபேட். அதன் மூலக்கூறுக்கு எண்ணெயை விரும்பும் நீண்ட வால் ஒன்றும், எதிர்மின்சுமை கொண்ட தலை ஒன்றும் உண்டு. தண்ணீரில் இவை வால்களை உள்ளே மடக்கி, தலைகளை வெளியே நீட்டிச் சிறு உருண்டைகளாகச் சேரும். இவைதான் மைசெல்கள். ஒரே மின்சுமை கொண்ட தலைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவற்றால் நெருங்கி உட்கார முடியாது. அதனால் உருண்டை வடிவம். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைத் தணிக்கும்போது தலைகள் நெருங்குகின்றன. உருண்டை நீண்டு, குச்சியாகி, பிறகு புழுப்போல் வளைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. இந்த இடியாப்பச் சிக்கல்தான் நாம் விரலில் உணரும் கெட்டித்தன்மை. உப்பு இன்னும் கூடினால் புழுக்கள் கிளைவிடும், கிளைச் சந்திகள் வழுக்கி நகரும், ஷாம்பு மறுபடி நீர்த்துப்போகும். ஏறி இறங்கும் இந்த உப்பு வளைகோட்டின் உச்சியைத் தாண்டிய பிறகு உப்புச் சேர்ப்பது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

குளுக்கோசைடுகளின் கதை வேறு. தலையாக இருப்பது சர்க்கரை மூலக்கூறு, அதில் மின்சுமை இல்லை. தணிக்க ஒரு தள்ளலே இல்லாதபோது உப்புக்கு அங்கே என்ன வேலை? அந்தத் தலை தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு பருத்திருக்கிறது. வாலோ, டெசில் குளுக்கோசைடில் பெரும்பாலும் 8, 10 கார்பன் அளவுக்குக் குட்டையானது. தலை பருத்து வால் குட்டையாக இருந்தால் உருண்டைதான் அமையும். இதை 1976-இல் இஸ்ரேலாஷ்விலி, மிட்செல், நின்ஹாம் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு எண்ணாகவே எழுதிக் காட்டினார்கள். வாலின் கன அளவை, தலை பிடிக்கும் பரப்பாலும் வாலின் நீளத்தாலும் வகுக்க வேண்டும். விடை மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் உருண்டை. அதற்கு மேல் அரை வரைக்கும் குச்சி. ஆக, கெட்டியாக்குவது என்பது இந்த எண்ணைச் சற்று மேலே தள்ளும் வேலை. அது முடியாவிட்டால் மைசெல்லை அதன் போக்கில் விட்டுவிட்டுத் தண்ணீரையே கெட்டியாக்க வேண்டும். மூன்றாவது வழி என்று சொல்லத்தக்கது இயற்கைப் பொருள்களுக்குள் இல்லை.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இதே குணம் கொண்டவை. அவற்றின் நுரைக்குக் காரணமான சபோனினிலும் தலையாக இருப்பது சர்க்கரைத் தொடர்தான். சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில் குழைப்பதும், ஊறவைத்த வெந்தயத்தையோ செம்பருத்தி இலையையோ சேர்த்து அரைப்பதும் தண்ணீரைக் கெட்டியாக்கும் வழி. கஞ்சியில் மாவுச்சத்து, வெந்தயத்தில் காலக்டோமன்னன், செம்பருத்தி இலையில் கோழைப் பிசின். ஆலைகளில் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம்மும் வெந்தயப் பிசினும் ஒரே குடும்பம். சர்க்கரைகளின் விகிதம்தான் வேறு. தலையில் வழியாமல் நிற்கவேண்டும் என்ற தேவை ஷாம்புக்கு முன்பே இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கெட்டியாக இருப்பதற்கும் அழுக்கு நீங்குவதற்கும் சம்பந்தமில்லை. உள்ளங்கையில் நிற்க, கண்ணுக்குள் ஓடாமல் இருக்க, புட்டியிலிருந்து அளவாக வர மட்டுமே கெட்டித்தன்மை தேவை. நுரையாகவே வெளியே தள்ளும் பம்ப் புட்டியில் அடைப்பதாக இருந்தால் கெட்டியாக்கவே வேண்டாம். நீர்த்த கலவைதான் அதற்குப் பொருந்தும், கம் சேர்த்தால் வலை அடைத்துக்கொள்ளும். பல சிறு தயாரிப்பாளர்களுக்கு உண்மையான தீர்வு இதுவே. ஏனோ அதைத் தோல்வியாக நினைக்கிறார்கள்.

மைசெல்லை நீட்டும் வழிகள்

முதலில் வாலின் நீளம். குளுக்கோசைடுகள் எல்லாம் ஒன்றல்ல. கேப்ரிலைல் வகை 8 முதல் 10 கார்பன், கோகோ வகை 8 முதல் 16, லாரில் வகை 12 முதல் 16. வால் நீள நீளக் கெட்டித்தன்மை கூடும், கரைதிறன் குறையும். டெசில் குளுக்கோசைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு லாரில் குளுக்கோசைடை வைத்தாலே வித்தியாசம் தெரியும். அது அறை வெப்பத்தில் வெண்பசை போல உறைந்திருக்கும். 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி இளக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். சரக்கு கலங்கலாக வந்தால் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சில வகைகளில் தயாரிப்பின்போது தங்கும் சிறிதளவு மக்னீசியம், காரநிலையில் கலங்கலாகத் தெரியும்; அமிலம் சேர்த்து பி.எச். அளவைக் குறைத்ததும் தெளிந்துவிடும்.

அடுத்தது துணை சேர்ப்பது. துணைச் சர்ஃபாக்டன்ட்டான கோகமிடோபுரோபைல் பீட்டெய்னின் தலையில் நேர், எதிர் என இரண்டு மின்சுமையும் உண்டு. எதிர்மின்சுமை கொண்ட சர்ஃபாக்டன்ட் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஈர்த்து நெருங்கி மைசெல்லை நீட்டும். குளுக்கோசைடு மட்டும் துணையாக இருந்தால் அந்த ஈர்ப்பு இல்லை. பீட்டெய்ன் நுரையை மேம்படுத்தும், கெட்டியாக்காது. பலர் இரண்டையும் மட்டும் கலந்துவிட்டு, கெட்டியாகும் என்று காத்திருப்பது வீண். கடையில் வரும் 30 சதவீதப் பீட்டெய்ன் கரைசலிலேயே 5 சதவீதம் அளவுக்கு உப்பு இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 100 கிராம் ஷாம்புவில் 16 கிராம் பீட்டெய்ன் கரைசல் சேர்த்தால், உப்பு டப்பாவைத் தொடாமலே ஏறத்தாழ 0.8 கிராம் உப்புச் சேர்ந்துவிடுகிறது. எதிர்மின்சுமைக் கலவைகளில் இந்தக் கணக்கை மறந்தால் உச்சியைத் தாண்டிவிடுவோம்.

எதிர்மின்சுமைத் துணையாகச் சிலர் சோடியம் கோகோ சல்ஃபேட்டை எடுக்கிறார்கள். பீட்டெய்னோடு சேர்ந்து உப்புக்கு நன்றாகவே கெட்டியாகும். ஆனால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு அருகில் லாரிக் அமிலம்தான். ஆகவே இந்தப் பொருளின் பெரும்பகுதி, மக்கள் தவிர்க்க நினைக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டேதான். ‘சல்ஃபேட் இல்லை’ என்று அட்டையில் போட முடியாது, மென்மையானது என்று சொல்லவும் கூடாது.

அமினோ அமிலத்திலிருந்து செய்யும் சர்ஃபாக்டன்ட் வகைகளில் கருவி உப்பல்ல, அமிலம். சோடியம் லாரோயில் சார்கோசினேட்டின் தலையில் கார்பாக்சிலேட் இருக்கிறது. பி.எச். இறங்க இறங்க அதில் ஒரு பங்கு மின்சுமையை இழக்கிறது, தள்ளல் குறைகிறது, மைசெல் நீள்கிறது. 100 கிராமுக்கு 30 சதவீதச் சார்கோசினேட் 20 கிராம், பீட்டெய்ன் 20 கிராம் எடுத்துக்கொண்டு, சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், 6-இல் தண்ணீராக இருந்தது 5-ஐ ஒட்டி வரும்போது தேன் பதத்துக்கு ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்குக் கீழே போனால் கரையாத அமில வடிவம் பிரிந்து கலங்கும், பதமும் உடையும். உச்சி குறுகலானது. பி.எச். 0.2 நகர்ந்தாலும் பதம் மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துத்தான் செய்ய வேண்டும், வண்ணக் காகிதம் போதாது. கெட்டிக் கலவையில் மின்முனையை நேரடியாக முக்காமல், 1 பங்கு ஷாம்புவை 9 பங்கு கனிமம் நீக்கிய நீரில் கரைத்து அளந்தால் எண் நிலையாக நிற்கும்.

கோகோயில் குளுட்டமேட் இதைவிட முரண்டு பிடிக்கும். தலையிலேயே இரண்டு கார்பாக்சில்கள். அமிலத்தால் ஒன்றைச் செயலிழக்க வைத்தாலும் தலை பருமனாகவே இருக்கிறது. அதைத் தனியாகக் கெட்டியாக்க முயல்வது நேர விரயம். கிளைசினேட் நடுநிலைக்குக் கீழே வந்ததும் முத்துப்போல் கலங்கத் தொடங்கும். தெளிந்த ஷாம்பு வேண்டுமென்றால் அதைத் தொட வேண்டாம், கிரீம் போன்ற முகக்கழுவி வேண்டுமென்றால் அந்தக் கலங்கலே அழகு. கோகோயில் ஐசெத்தியோனேட்டின் எஸ்டர் பிணைப்பு அமிலத்திலும் காரத்திலும் உடையும். நடுநிலையை ஒட்டி வைக்காவிட்டால் ஓரிரு மாதத்தில் பதம் மாறும்.

எண்ணெய் சார்ந்த சிறு மூலக்கூறுகளும் மைசெல்லை நீட்டும். கிளிசரைல் ஓலியேட், கிளிசரைல் கேப்ரிலேட், சார்பிட்டான் செஸ்குவிகேப்ரிலேட் போன்றவற்றுக்குத் தலை சிறியது, வால் பெரியது. பருத்த தலைகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்து சராசரியை மாற்றிவிடும். அரை சதவீதத்தில் தொடங்கி, கால் கால் சதவீதமாக ஏற்றிப் பார்க்கலாம். எதிர்மின்சுமை கொண்ட சர்ஃபாக்டன்ட் சிறிதாவது இருக்கும் கலவையில் நன்றாக வேலை செய்யும். வெறும் குளுக்கோசைடில் கலங்கலைத்தான் தரும். பெக்-150 டைஸ்டியரேட் இதையெல்லாம் எளிதாக முடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் அது எத்திலீன் ஆக்சைடு வழியாகச் செய்யப்படுவது, இயற்கை அழகுப்பொருள்களுக்கான காஸ்மாஸ் தரச்சான்று அதை ஏற்பதில்லை. அந்த வழியில் துணைவிளைவாக வரக்கூடிய 1,4-டையாக்சேனுக்கு நியூயார்க் மாநிலம் கட்டுப்பாடே வைத்திருக்கிறது: குளியல், தலைக்குளியல் பொருள்களில் 2023 முடிவிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு கெட்டியாக்கப் பயன்பட்ட கோகமைட் டி.இ.ஏ.-வைக் கலிஃபோர்னியா 2012-இல் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது.

தண்ணீரைக் கெட்டியாக்குவது

குளுக்கோசைடை மையமாக வைத்த ஷாம்புக்கு நம்பகமான வழி சாந்தன் கம்தான். முட்டைக்கோஸ் இலையைக் கருக்கும் சாந்தோமோனஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா நொதித்தலில் உருவாக்கும் பிசின் இது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் கண்டறியப்பட்டு, 1969-இல் அங்கே உணவில் சேர்க்க அனுமதி பெற்றது. உப்பையும் அமிலத்தையும் தாங்கும். வெப்பத்திலும் அதிகம் இளகாது. ஷாம்புக்கு ‘தெளிவு வகை’ என்று கேட்டு வாங்க வேண்டும்; சாதாரணச் சமையல் வகை மங்கலாகத் தெரியும்.

100 கிராமுக்கு ஒரு வேலை செய்யும் அளவு: கனிமம் நீக்கிய நீர் 62.2, கிளிசரின் 3, சாந்தன் 1, கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் 0.5, பொட்டாசியம் சார்பேட் 0.3, 50 சதவீத டெசில் குளுக்கோசைடு 14, 30 சதவீதப் பீட்டெய்ன் 16, 20 சதவீதச் சிட்ரிக் அமிலக் கரைசல் ஏறத்தாழ 3. கழுவும் சரக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் 11.8 சதவீதம்; அன்றாடத் தலைக்குளியலுக்குப் போதும். டெசிலில் 6 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு லாரில் குளுக்கோசைடு வைத்தால், சாந்தனை 0.7 கிராமாகக் குறைத்துப் பார்க்கலாம்.

வரிசை மாறினால் பண்டம் கெடும். சாந்தன் தூளை முதலில் கிளிசரினில் குழைக்க வேண்டும். கிளிசரின் அதைக் கரைக்காது, துகள்களைப் பிரித்து மட்டும் வைக்கும். அந்தக் குழைவைச் சுழலும் தண்ணீரில் மெல்ல ஊற்றி 20, 30 நிமிடம் விட வேண்டும். நேரடியாகத் தூவினால் கேழ்வரகுக் கூழில் கட்டி தட்டுவதுபோல்தான்: வெளியே வழுவழுப்பு, உள்ளே உலர்ந்த மாவு. ஒருமுறை கட்டி தட்டிவிட்டால் எவ்வளவு கிளறினாலும் முழுதாகக் கரையாது, வடிகட்டி எறிய வேண்டியதுதான். சர்ஃபாக்டன்ட்டை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு சாந்தனைப் போடுவதும் இதே விளைவைத் தரும். தண்ணீரில் பெரும்பங்கு ஏற்கனவே பிடிக்கப்பட்டுவிட்டதால் பிசின் ஊற இடமில்லை.

சாந்தன் ஊறியதும் பென்சோயேட்டையும் சார்பேட்டையும் கரைத்து, அதன் பிறகு சர்ஃபாக்டன்ட்டுகளைப் பாத்திரத்தின் ஓரமாக ஊற்றி மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழ்கள் புகும். சாதாரண ஷாம்புவில் அவை ஒரே இரவில் மேலே ஏறிவிடும். சாந்தன் அவற்றை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், வாரம் கழிந்தும் பனிமூட்டம் போல நிற்கும். அமிலம் கடைசியில். டெசில் குளுக்கோசைடு 11.5 முதல் 12.5 பி.எச்.-இல் வருவதால் கணிசமான அமிலம் தேவைப்படும். சர்ஃபாக்டன்ட் சேரும் முன்பே அமிலத்தை ஊற்றினால் பென்சோயேட், பென்சாயிக் அமிலமாக மாறி வெண்துகளாகப் படியும்.

எந்த பி.எச்.-இல் நிறுத்துவது என்பதைத் தோல் மட்டும் தீர்மானிப்பதில்லை. பென்சோயேட் கிருமியைத் தடுப்பது மின்சுமையற்ற அமில வடிவில் இருக்கும்போதுதான். பி.எச். 5-இல் அதில் 14 சதவீதம் அந்த வடிவில் இருக்கும், 5.5-இல் 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, 6-இல் 2 சதவீதம்கூட இல்லை. சார்பேட் 5-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை செய்யும் நிலையில் இருக்கும். ஆக, 5 என்று குறிவைத்து நிறுத்துவதே புத்திசாலித்தனம். வாங்கிய குளுக்கோசைடு டப்பா பல மாதம் கெடாமல் இருந்ததே என்று பாதுகாப்புப் பொருளைக் குறைப்பது ஆபத்து. அது கெடாமல் இருந்தது அதன் காரத்தால். அந்தக் காரத்தை நாமே அகற்றிவிட்டோம்.

சாந்தனின் குறை அதன் தொடுகை. 1.2 சதவீதத்தைத் தாண்டினால் கையிலிருந்து கோழை போல இழுபடும், பாகில் கம்பிப் பதம் வந்ததுபோல் நூல் நூலாய் இறங்கும். அளவைக் கூட்டாமல் வேறொரு பிசினோடு பங்கிடுவதே மாற்று. ஸ்கிளிரோஷியம் கம் இழுபடுவது குறைவு, விலை அதிகம். முடி சிக்காமல் இருக்க நேர்மின்சுமை கொண்ட குவாரை 0.1 முதல் 0.3 சதவீதம் சேர்க்கிறவர்கள் சாந்தனைக் கைவிடத்தான் வேண்டியிருக்கும். இரண்டும் எதிரெதிர் மின்சுமை, சேர்ந்தால் பால் திரிந்ததுபோல் திரியும். அங்கே மின்சுமையற்ற ஸ்கிளிரோஷியம் பொருந்தும். ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸும் பொருந்தும்தான், ஆனால் அதன் தயாரிப்பிலும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதால் இயற்கைச் சான்று கிடைக்காது. தவிர, செல்லுலோஸைத் தின்னும் நொதியைப் பூஞ்சைகள் சுரக்கும். மூலப்பொருளில் ஒட்டிவந்த கொஞ்சம் நொதி போதும், கிருமி செத்த பிறகும் அது வேலை செய்து மொத்தப் பாத்திரத்தையும் தண்ணீராக்கிவிடும்.

பிறகு நீர்த்துப்போவது

செய்த அன்று நன்றாக இருந்து பத்து நாளில் இளகினால், முதலில் வாசனை எண்ணெயைச் சந்தேகிக்கலாம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய்களிலுள்ள லிமோனீன் மைசெல்லின் உள்ளே போய் அமர்ந்து, புழுவை மறுபடி உருண்டையாக்கும். கொழுப்பு ஆல்கஹால் சார்ந்த மணப்பொருள்கள் நேர்மாறாகக் கெட்டியாக்கும். அதனால் மணம் சேர்க்காத மாதிரியில் பதம் பார்த்துவிட்டு, மணம் சேர்த்துப் புட்டியில் அடைப்பது கூடாது. எண்ணெயை நேரடியாக ஊற்றாமல் குளுக்கோசைடின் ஒரு பகுதியில் முதலில் குழைத்துக் கொண்டால் பிரிந்து மிதக்காது. ஆல்கஹால், கிளைக்கால், தாவரச் சாறுகளோடு வரும் கரைப்பான்கள் எல்லாம் மைசெல் வழிப் பதத்தை இளக்கும். சாந்தன் வழியில் இந்தத் தொல்லை குறைவு.

வெப்பம் அடுத்தது. புழு மைசெல்கள் ஓயாமல் அறுந்து ஒட்டிக்கொண்டே இருப்பவை. சூடு ஏற ஏற அறுவது கூடும். ஐரோப்பாவில் 20 டிகிரியில் தேன்போல் இருந்த கலவை, வேலூரில் மே மாத வெயிலில் நின்ற பார்சல் வண்டியில் தண்ணீராகிவிடும்; குளிர்ந்தால் பெரும்பாலும் பழைய பதம் திரும்பும், ஆனால் மூடி சரியில்லாத புட்டி அதற்குள் ஒழுகியிருக்கும். நம் ஊரில் விற்கும் பொருளுக்கு மைசெல் வழியை மட்டும் நம்பாமல் 0.3, 0.4 சதவீதம் சாந்தனைக் காப்பாகச் சேர்ப்பது நல்லது. 5, 25, 40 டிகிரிகளில் மூன்று மாதம் வைத்துப் பார்க்காமல் விற்பனைக்கு விடக்கூடாது. குளிரில் கலங்குவது லாரில் வகையின் நீண்ட வால்கள் உறைவதைக் காட்டும்.

புளித்த வாடையோடு இளகினால் கிருமி. அதைத் திருத்த வழியில்லை, கொட்டிவிட வேண்டும். வாடை இல்லாமல், பி.எச். மட்டும் நகர்ந்திருந்தால் அமிலக் கணக்கில் தவறு. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரைப் பயன்படுத்தியிருந்தால் கால்சியம் அமினோ அமில வகைகளோடு சேர்ந்து கலங்கலையோ படிவையோ தரும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ‘ஒவ்வாமையே வராது’ என்று விற்பதற்கில்லை. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2004-இல் கோகமிடோபுரோபைல் பீட்டெய்னையும், 2017-இல் அல்கைல் குளுக்கோசைடுகளையும் அந்தந்த ஆண்டின் கவனத்துக்குரிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்குச் செய்யும்.

பதத்தை அளக்க விஸ்காமீட்டர் இருந்தால், செய்து 24 மணி நேரம் கழித்து, 25 டிகிரியில், ஒரே சுழல்தண்டு, ஒரே வேகத்தில் அளக்க வேண்டும். தண்ணீரின் கெட்டித்தன்மை 1 சென்டிபாய்ஸ் என்றால் ஷாம்பு பொதுவாகச் சில ஆயிரம். சாந்தன் கலவை வேகத்துக்கேற்ப இளகுவதால், வேகத்தைக் குறிக்காமல் எழுதிய எண்ணுக்குப் பொருளில்லை. கருவி இல்லாதவர்கள் ஊசி மாட்டாத 20 மில்லி சிரிஞ்சில் நிரப்பி, தண்டை உருவிவிட்டு, தானாக வடிய எடுக்கும் நொடிகளை எண்ணலாம். முந்தைய தொகுதியோடு ஒப்பிட அது போதும், இரண்டு நாளும் ஒரே வெப்பத்தில் அளந்திருந்தால்.